கிராபிக்ஸ் கார்டை வேலைக்கு அழைப்பது யார்?

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மடிக்கணினியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு சந்தேகம் எழுவதுண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. முதல் வரியில் பிராசஸரோடு சேர்ந்து வந்த கிராபிக்ஸ். அதன் கோடு ஏறி இறங்குகிறது. இரண்டாவது வரியில் காசு கொடுத்து வாங்கிய கார்டு. அதன் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. விளையாட்டு தடுமாறுகிறது, எடிட்டிங் மென்பொருள் திணறுகிறது, கார்டு மட்டும் 0 சதவீதத்தில் நிற்கிறது. இதைப் பார்த்துவிட்டுக் கார்டு பழுது என்று கணினியைக் கடைக்குத் தூக்கிச் செல்பவர்கள் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட நேரங்களில் கார்டில் குறை இருப்பது அபூர்வம். அதை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கூப்பிட வேண்டியது கணினியின் வயரிங்கா, டிரைவரா, விண்டோஸா, மென்பொருளா, முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரா என்ற கேள்விக்குக் கடந்த 20 ஆண்டுகளில் வேறு வேறு விடைகள் தரப்பட்டிருக்கின்றன. அந்த விடைகளை வரிசையாகப் பார்த்தால், அந்தந்த மென்பொருளுக்கு எந்தச் சில்லு என்பதைப் பயன்படுத்துபவரே முடிவு செய்வதுதான் சரியான வழி என்று எனக்குப் படுகிறது. அந்த முடிவை அவர் எடுக்க முடியாதபடி, எடுத்த முடிவு பலித்ததா என்றுகூடத் தெரியாதபடி கணினிகள் அமைக்கப்பட்டிருப்பதுதான் உண்மையான குறை.

ஒரே கணினியில் இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் எதற்கு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2010 ஜனவரியில் வந்த பிராசஸர்களில் இன்டெல் கிராபிக்ஸ் சில்லையும் பிராசஸரின் உறைக்குள்ளேயே வைத்தது. 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜில் இரண்டும் ஒரே சிலிக்கான் துண்டாகிவிட்டன. அதன்பிறகு மடிக்கணினி வாங்குபவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஓர் உள் கிராபிக்ஸ் கூடவே வந்தது. அது சில வாட் மின்சாரத்தில் திரையைக் காட்டும், வீடியோ ஓட்டும், பேட்டரியைக் காப்பாற்றும். தனிக் கார்டு பல பத்து வாட் கேட்கும், மின்விசிறியைச் சுழல வைக்கும், பதிலுக்குப் பல மடங்கு வேலை செய்யும். இரண்டுக்கும் தேவை இருக்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தது தவறில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வழியில்தான் சிக்கல் தொடங்கியது.

அந்த வழி முதலில் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. 2006இல் சோனி விற்ற வயோ எஸ்.இசட் வரிசை மடிக்கணினிகளில் விசைப்பலகைக்கு மேலே ஒரு நகர்த்துவிசை இருந்தது. ஒரு பக்கம் ஸ்டாமினா, மறுபக்கம் ஸ்பீடு. ஸ்டாமினாவில் வைத்தால் இன்டெல் கிராபிக்ஸ், ஸ்பீடில் வைத்தால் என்விடியா. மாற்றினால் கணினியை அணைத்து மீண்டும் தொடங்க வேண்டும். அது பெரிய தொல்லைதான். ஆனால் எந்தச் சில்லு ஓடுகிறது என்பதை அறிய ஒரு மெனுவையும் திறக்க வேண்டியதில்லை. விரலால் தொட்டே சொல்லிவிடலாம். 2008 அக்டோபரில் வந்த மேக்புக் ப்ரோவில் இந்த விசை மென்பொருள் அமைப்புக்குள் போனது. மாற்றினால் லாக் அவுட் செய்தால் போதும். 2010இல் ஆப்பிள் அதையும் நீக்கி, தேவைப்படும்போது கணினி தானே மாறிக்கொள்ளும்படி செய்தது. அதே 2010 பிப்ரவரியில் என்விடியா ஆப்டிமஸ் என்ற ஏற்பாட்டை அறிவித்தது. இன்றைய விண்டோஸ் மடிக்கணினிகள் பெரும்பாலும் அந்த ஏற்பாட்டின் வழிவந்தவையே.

ஆப்டிமஸின் அடிப்படை எளிமையானது. திரைக்குப் போகும் வயர் உள் கிராபிக்ஸிலிருந்துதான் போகிறது. தனிக் கார்டுக்குத் திரையோடு நேரடித் தொடர்பே கிடையாது. அது வரைந்து முடித்த ஒவ்வொரு படத்தையும் கணினியின் பொது நினைவகத்துக்கு நகலெடுத்து அனுப்புகிறது. உள் கிராபிக்ஸ் அதை எடுத்துத் திரையில் காட்டுகிறது. வேலை இல்லாதபோது தனிக் கார்டின் மின்சாரத்தையே நிறுத்திவிடலாம். திரை கண் சிமிட்டாது, கணினியை மீண்டும் தொடங்கத் தேவையில்லை. இந்த நகலெடுப்பில் கார்டின் பலன் வீணாகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படம் ஏறத்தாழ 8.3 எம்.பி. நொடிக்கு 60 படம் என்றால் 500 எம்.பி. எட்டு வழித்தடங்கள் கொண்ட மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு நொடிக்கு 7.9 ஜி.பி. வரை தாங்கும். அதாவது பாதையில் பதினாறில் ஒரு பங்குதான் இதற்குப் போகிறது. 2560க்கு 1440 திரையில் நொடிக்கு 240 படம் என்று போனால் கணக்கு 3.5 ஜி.பி.யைத் தொடும்; அப்போது இடிக்கத்தான் செய்யும். வேகமான திரையில் போட்டி விளையாட்டு ஆடுபவர் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் வீடியோ வெட்டி ஒட்டுபவருக்கு அந்தக் கவலை வேண்டாம்.

ஆக, வயரிங் தீர்மானமாகிவிட்டது. எந்த மென்பொருள் எந்தச் சில்லில் ஓட வேண்டும் என்பது மிச்சம். ஆப்டிமஸ் அதை டிரைவரிடம் ஒப்படைத்தது. தெரிந்த மென்பொருள்களின் பட்டியல் ஒன்று டிரைவருக்குள் இருக்கும்; பட்டியலில் உள்ள மென்பொருளுக்குக் கார்டு எழுப்பப்படும். பட்டியலில் இல்லாத சிறிய விளையாட்டோ, ஒரு கல்லூரி மாணவர் தானே எழுதிய நிரலோ உள் கிராபிக்ஸிலேயே கிடக்கும். பின்னாளில், மென்பொருள் எழுதுபவரே தன் நிரலுக்குள் ஒரு குறிப்பை வைத்துவிட்டால் டிரைவர் அதைப் படித்துக் கார்டை எழுப்பும் வசதி வந்தது, என்விடியாவும் ஏ.எம்.டி.யும் இதற்கென்று ஆளுக்கொரு பெயரை வரையறுத்தன. கடைசியாக, 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு இந்த முடிவை டிரைவரின் கையிலிருந்து வாங்கி விண்டோஸின் அமைப்புகளுக்குள் வைத்தது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்பிளே, அதில் கிராபிக்ஸ். அங்கே ஒரு மென்பொருளைச் சேர்த்து ஆப்ஷன்ஸை அழுத்தினால் மூன்று தேர்வுகள்: விண்டோஸே முடிவு செய்யட்டும், மின்சாரம் மிச்சம், முழு வேகம். பின்னிரண்டுக்கும் எதிரே எந்தச் சில்லு என்று பெயரும் போட்டிருக்கும். இங்கே கொடுக்கும் தேர்வு டிரைவரின் கன்ட்ரோல் பேனலில் கொடுத்ததற்கு மேலானது. இது தெரியாமல் இன்றும் கன்ட்ரோல் பேனலிலேயே போராடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

இந்தப் பக்கத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். விண்டோஸ் இந்தத் தேர்வை மென்பொருளின் பெயரோடு சேர்த்து வைப்பதில்லை, அந்த இ.எக்ஸ்.இ கோப்பு வன்தட்டில் இருக்கும் முகவரியோடு சேர்த்து ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கிறது. விளையாட்டைத் தொடங்கிவைக்கும் லாஞ்சரைச் சேர்த்துவிட்டு, விளையாட்டுக்கு உரிய கோப்பைச் சேர்க்காமல் விட்டால் லாஞ்சர்தான் கார்டில் ஓடும். ஜாவாவில் ஓடும் மைன்கிராஃப்டுக்கு, அந்த விளையாட்டின் பெயர் கொண்ட கோப்பைத் தேடிப் பயனில்லை. அதை ஓட்டுகிற ஜாவா கோப்பைத்தான் சேர்க்க வேண்டும். பைதான் நிரல் என்றால் பைதானின் கோப்பு. மென்பொருளை வேறு போல்டருக்கு மாற்றினால் பழைய தேர்வு அதோடு போகாது. சேர்த்த பிறகு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். பலித்ததா என்று பார்க்க டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஜிபியு எஞ்சின் என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொண்டால், ஒவ்வொரு மென்பொருளுக்கும் எதிரே அது எந்தச் சில்லில் ஓடுகிறது என்று எண்ணோடு வரும். இந்த வசதி 2017 அக்டோபர் புதுப்பிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் அந்த நெடுவரிசை தானாகத் தெரியாது. தலைப்பில் வலது சொடுக்குப் போட்டு எடுக்க வேண்டும். சோனியின் விசை இருந்த இடத்தையும் இது இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டால், இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு தகவல் எவ்வளவு ஆழத்துக்குப் போய்விட்டது என்பது தெரியும்.

எதற்கு இத்தனை சிரமம், உள் கிராபிக்ஸையே அணைத்துவிட்டால் எல்லாம் தனிக் கார்டில்தானே ஓடும் என்பது அடிக்கடி வரும் யோசனை. டிவைஸ் மேனேஜரில் போய் இன்டெல் கிராபிக்ஸை டிஸேபிள் செய்யச் சொல்லித்தரும் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை. மேலே சொன்ன வயரிங்கை நினைவில் வைத்தால் இதன் விளைவை ஊகிக்கலாம். திரையின் வயர் போவது உள் கிராபிக்ஸுக்கு. அதன் டிரைவரை நிறுத்தினால் விண்டோஸ் தன்னிடம் இருக்கும் பேஸிக் டிஸ்பிளே டிரைவரை வைத்துத் திரையை ஒப்பேற்றும். ஜன்னலை இழுத்தால் பின்னாலேயே இழுபடும், வெளிச்ச அளவை மாற்றும் விசைகூட வேலை செய்யாமல் போகலாம், தனிக் கார்டின் படங்களுக்கும் வழி அடைபடும். பயன் கிடைக்காததோடு இருந்ததும் போய்விடும். மக்ஸ் என்ற மாற்றுவிசை உள்ள கணினிகளில் மட்டும் இந்த யோசனைக்கு இடம் உண்டு. அவற்றில் திரையின் வயரையே ஒரு சில்லிலிருந்து மற்றதற்கு மாற்றிவிடலாம். 2020இல் வந்த அட்வான்ஸ்டு ஆப்டிமஸ், கணினியை மீண்டும் தொடங்காமலேயே அதைச் செய்கிறது. அங்கேயும் எப்போதும் தனிக் கார்டிலேயே வைத்திருப்பதற்கு விலை உண்டு. பேட்டரியில் மின்னஞ்சல் படிக்கும்போதும் கார்டு விழித்திருக்கும். இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் வீடியோவைப் படிக்கவும் எழுதவும் குவிக் சிங்க் என்ற தனிப் பகுதி இருக்கிறது; எடிட்டிங் மென்பொருள்கள் அதையும் கார்டையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. ஒன்றை அணைத்தால் மற்றொன்றுக்குச் சுமை கூடும்.

மேசைக் கணினியில் கதை சுருக்கமானது. பெட்டியின் பின்புறத்தில் மேலே, யு.எஸ்.பி துளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எச்.டி.எம்.ஐ துளை மதர்போர்டுடையது. கீழே படுக்கைவாட்டில் இருக்கும் துளைகள் கார்டுடையவை. கேபிளை மேலே செருகினால் ஒன்று திரை இருண்டு கிடக்கும், இல்லை உள் கிராபிக்ஸிலேயே எல்லாம் ஓடும். எது நடக்கும் என்பது பயாஸில் பிரைமரி டிஸ்பிளே என்ற வரி எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கேபிளைக் கீழே மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. மின்சாரம் மட்டும் கவனிக்க வேண்டும்: ஸ்லாட் 75 வாட்தான் தரும், ஆறு முனை இணைப்பு இன்னொரு 75, எட்டு முனை இணைப்பு 150. அதைச் செருக மறந்தால் கார்டு இயங்காது.

இதுவரை சொன்னதெல்லாம் படம் வரையும் வேலைக்கு. கணக்குப் போடும் வேலை வேறு வழியில் போகிறது, அங்கே விண்டோஸின் கிராபிக்ஸ் பக்கம் எதையும் தீர்மானிப்பதில்லை. என்விடியாவின் கணக்குத் தளமான கியூடாவில் எழுதப்பட்ட நிரல் நேராக என்விடியா கார்டையே தேடிப் போகும். அப்படியிருந்தும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் போட்டால் கார்டு சும்மா இருக்கிறது என்று புகார் வருவது, அங்கே இரண்டு இடத்தில் சொல்ல வேண்டியிருப்பதால். பிரிஃபரன்சஸில் சிஸ்டம் பகுதியில் கியூடா, ஆப்டிக்ஸ், ஹிப் போன்ற வழிகளில் ஒன்றைத் தேர்ந்து கார்டுக்கு எதிரே டிக் போட வேண்டும். பிறகு அந்தக் காட்சியின் ரெண்டர் அமைப்பில் டிவைஸ் என்பதை ஜிபியு என்று மாற்ற வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு விட்டால் பிராசஸர்தான் இரவு முழுக்கக் கொதிக்கும். பைடார்ச் பழகும் மாணவர்களுக்கு வேறொரு குழி: விண்டோஸில் சாதாரண பிப் கட்டளையால் நிறுவினால் வருவது பிராசஸரில் மட்டும் ஓடும் பதிப்பு. கார்டு, டிரைவர் எல்லாம் சரியாக இருந்தும் கியூடா இருக்கிறதா என்ற கேள்விக்கு அது இல்லை என்றே சொல்லும். இன்னொரு விஷயம், எல்லாம் சரியாக ஓடும்போதும் டாஸ்க் மேனேஜர் ஏமாற்றலாம். அது முதலில் காட்டும் வரைபடங்களில் 3டி, காப்பி, வீடியோ இருக்கும், கியூடா இருக்காது. கார்டு முழு மூச்சில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, கோடு தரையிலேயே கிடக்கும். டிரைவரோடு வரும் என்விடியா எஸ்.எம்.ஐ கட்டளையை ஓட்டிப் பார்ப்பது நம்பகமானது.

லினக்ஸில் இந்தக் கேள்வி இன்னும் கசப்பான வரலாறு கொண்டது. ஆப்டிமஸ் அறிவிக்கப்பட்டபோது லினக்ஸுக்கு அது கிடைக்கவில்லை. லினக்ஸ் கிராபிக்ஸ் நிரலாளர் டேவ் ஏர்லி, பிரைம் என்ற பெயரில் திறந்தநிலை டிரைவர்களுக்கு வழி செய்தார். 2011இல் பம்பிள்பீ என்ற தன்னார்வலர் திட்டம் மூடிய டிரைவருக்கு ஒரு சுற்றுவழி கண்டது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து என்விடியாவை விரல் காட்டித் திட்டிய காட்சி உலகறிந்தது. ஆப்டிமஸ் மடிக்கணினியில் ஆதரவு கிடைக்காத ஒருவர் எழுந்து கேட்ட கேள்விக்குத்தான் அந்தப் பதில் வந்தது என்பது அவ்வளவாக நினைவில் இல்லை. 2019இல் 435 வரிசை டிரைவரோடுதான் என்விடியா முறையான வழியைக் கொடுத்தது. இன்று உபுண்டுவில் பிரைம்-செலக்ட் கட்டளையால் மொத்தக் கணினியையும் ஒரு சில்லுக்கு மாற்றலாம், அல்லது ஒரு மென்பொருளை மட்டும் கார்டில் தொடங்கலாம். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் டிரைவர் தொகுதி கையொப்பமிடப்படாவிட்டால் ஏறாது; டிரைவரை நிறுவிவிட்டு மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையை அவசரத்தில் தாண்டிவிடுபவர்கள் பிறகு நாள் கணக்கில் தேடுகிறார்கள். ஆனாலும் ஒரு விஷயத்தில் லினக்ஸ் விண்டோஸை மிஞ்சுகிறது. ஜினோம் டெஸ்க்டாப்பில் ஒரு மென்பொருளின் படத்தின் மேல் வலது சொடுக்குப் போட்டால் தனிக் கார்டில் தொடங்கு என்ற வரி அங்கேயே இருக்கிறது. முடிவு எடுக்க வேண்டிய இடத்திலேயே முடிவு கேட்கப்படுகிறது. நான் வேண்டுவது இதைத்தான்.

சாதாரண ஆளுக்கு இதெல்லாம் எதற்கு, கணினியே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் அக்கறை இருக்கிறது. பட்டியல்கள் வளர வளர தானியங்கித் தேர்வு பெரும்பாலான விளையாட்டுகளுக்குச் சரியாகவே அமைகிறது என்பதும் உண்மை. ஆனால் பட்டியலுக்கு மென்பொருளின் பெயர் தெரியும், அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்பது தெரியாது. அதே பிரவுசரில் ஒருவர் செய்தி படிக்கிறார், ஒருவர் முப்பரிமாண வரைபடத்தைச் சுழற்றுகிறார். அதே ஆள் வீட்டில் சார்ஜரில் இருக்கும்போது வேகம் கேட்பார், ரயிலில் போகும்போது பேட்டரியைக் கேட்பார். ஆப்பிளின் அனுபவம் இதற்குச் சான்று. 2010 மேக்புக் ப்ரோவில் ஏதாவது ஒரு மென்பொருள் குறிப்பிட்ட கிராபிக்ஸ் நூலகத்தைத் தொட்டாலே மொத்தத் திரையும் தனிக் கார்டுக்கு மாறிவிடும். மிகச் சிறிய மென்பொருள்கூடப் பேட்டரியைக் கரைத்தது. அப்போது பரவலானது ஜி.எஃப்.எக்ஸ் கார்டு ஸ்டேட்டஸ் என்ற சின்னக் கருவி. எந்தச் சில்லு ஓடுகிறது என்பதை மெனு வரிசையில் ஒற்றை எழுத்தாகக் காட்டுவதே அதன் முதல் வேலை. அந்த ஓர் எழுத்துக்காகவே மக்கள் அதை நிறுவிக்கொண்டார்கள். சாதாரண ஆளுக்கு விவரம் வேண்டாம் என்பது அவரைக் கேட்காமல் சொல்லப்படுகிற பதில்.

இந்தக் கேள்வியே காலாவதியாகிவிட்டது என்பது இன்னொரு மறுப்பு. 2020 நவம்பரில் எம்1 சில்லோடு ஆப்பிள் தனிக் கார்டைக் கைவிடத் தொடங்கியது. பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் ஒரே நினைவகம். மற்றவர்களும் அதே பாதையில் வந்துவிட்டால் எதை எழுப்புவது என்ற பேச்சே இருக்காது. அது அங்கே சரி. ஆனால் கடைகளில் விற்கும் பெரும்பாலான விண்டோஸ் மடிக்கணினிகளில் உள் கிராபிக்ஸ் சாதாரண ராமைப் பிராசஸரோடு பங்குபோட்டுக்கொள்கிறது. இரண்டு சேனலில் ஓடும் டி.டி.ஆர்5 5600 ராம் நொடிக்கு 89.6 ஜி.பி. தரும், மடிக்கணினிக்கான ஆர்.டி.எக்ஸ் 4060 கார்டின் சொந்த நினைவகம் 256 ஜி.பி. தரும். ஒரு ராம் துண்டு மட்டும் போட்டு விற்கப்படும் கணினியில் முதல் எண் பாதியாகிவிடும். இந்த இடைவெளி இருக்கும்வரை இரண்டு சில்லுகளும் இருக்கும், தேர்வும் இருக்கும்.

கார்டு எழுந்த பிறகும் எவ்வளவு எழுந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதே 4060 என்ற பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் மடிக்கணினி செய்யலாம். 2021இல் ஆர்.டி.எக்ஸ் 30 வரிசை வந்தபோது இந்த அளவை விற்பனைப் பக்கத்தில் வெளியிடும்படி என்விடியா தயாரிப்பாளர்களிடம் சொன்னது. அதனால்தான் இன்று தேடினால் அந்த எண் கிடைக்கிறது. மக்ஸ் இருக்கிறதா, பக்கவாட்டு எச்.டி.எம்.ஐ துளை எந்தச் சில்லோடு இணைந்திருக்கிறது என்ற இரண்டு விவரங்களுக்கும் அதே நிலை வர வேண்டும். பல மாடல்களில் அந்தத் துளை நேராகத் தனிக் கார்டுக்குப் போகிறது. வெளித் திரையைச் செருகிய கணத்திலிருந்து கார்டு தூங்காது, பேட்டரி ஏன் இப்படி இறங்குகிறது என்று உரிமையாளர் குழம்புவார். இப்போதைக்கு அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. என்விடியா கன்ட்ரோல் பேனலில் பிஸ்எக்ஸ் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் ஒரு படம் இருக்கும்: கார்டுக்கு ஒரு கட்டம், உள் கிராபிக்ஸுக்கு ஒரு கட்டம், எந்தத் திரை எதோடு இணைந்திருக்கிறது என்று அவற்றின் கீழ் வரைந்திருக்கும். வெளித் திரையின் கேபிளைச் செருகிவிட்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தால், அந்தத் திரை எந்தக் கட்டத்தின் கீழ் வந்து உட்காருகிறது என்பது தெரிந்துவிடும்.